வீட்டுக்கு ஒரு விலை, அங்கே வாழ்வதற்கு ஒரு விலை

கோவையில் ஓய்வுக்கால வீடு வாங்க எண்ணியிருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களுக்காகத் தூரத்து ஊர்களிலிருந்து வீடு தேடும் பிள்ளைகளுக்கும்,

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வடவள்ளியைத் தாண்டித் தொண்டாமுத்தூர் பக்கம் போனால் வாடகைக் கார்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இரவு ரயிலில் வந்து இறங்கிய தம்பதிகள் ஓய்வுக்கால வளாகங்களின் மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார்கள். குளியலறையில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, கட்டிலுக்குப் பக்கத்தில் அவசர அழைப்பு மணி எல்லாம் இருக்கின்றன. மதியம் பொது உணவுக்கூடத்தில் சூடான சாப்பாடு. மேற்கே மலை, பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, கூடவே சிறுவாணித் தண்ணீர் பற்றிய பேச்சு. ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறுவதற்குள் டோக்கன் தொகைக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

அந்தக் காசோலைக்கு முன்னால் படிப்பதற்காக எழுதப்படுகிறது இந்த மடல். ஓய்வுக்கால வீடு என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடு. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம். 2021-இல் 13.6 என்றும், 2031-இல் 18.2 என்றும் அரசின் மதிப்பீடு சொல்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீட்டில் தனியாக இருக்கும் எழுபது வயதுக்காரர்களுக்குச் சமைத்த சாப்பாடும் கூப்பிட்டால் வர ஓர் ஆளும் பேச்சுத் துணையும் கிடைப்பது பெரிய விஷயம். குறை வாங்கும் முறையில் இருக்கிறது. சாதாரண அடுக்குமாடி வீட்டுக்கு விலை பார்க்கிற அதே கண்ணோடு இதையும் பார்த்து, சதுர அடி என்ன விலை என்று கேட்டு, பக்கத்து வளாகத்தோடு ஒப்பிட்டு, நூறு இருநூறு குறைத்துப் பேசி முடித்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரே கையெழுத்தில் இரண்டு கொள்முதல் நடக்கிறது. ஒன்று, செங்கல் சிமென்டாலான வீடு. மற்றது, ஆயுள் முழுக்க வரப்போகிற சேவை. முதலாவதற்குப் பத்திரம் உண்டு, விலை உண்டு. இரண்டாவதற்கு மாதாமாதம் ஒரு பில் மட்டும் வரும். வாங்கியது லாபமா நஷ்டமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த பில்லும், ஒருநாள் வீட்டை விட்டுப் போகும்போது கைக்கு வரும் தொகையும்தான்.

முதலில் வீட்டின் விலை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடுவோம். விற்பனைப் பரப்பு 1,000 சதுர அடி, விலை 60 லட்சம். சதுர அடி 6,000 ரூபாய் என்று விளம்பரத்தாளில் இருக்கும். அந்த ஆயிரத்தில் மாடிப்படி, நடைபாதை, வரவேற்புக் கூடம், லிஃப்ட் எல்லாவற்றின் பங்கும் அடக்கம். ஓய்வுக்கால வளாகங்களில் சக்கர நாற்காலி போக அகலமான நடைபாதை, உணவுக்கூடம், மருத்துவ அறை என்று பொது இடம் சற்று அதிகம். அது இருக்கவும் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் கிடைப்பது 680 சதுர அடி என்றால், உண்மையான விலை சதுர அடிக்கு 8,800 ரூபாயைத் தாண்டிவிடும். ரேரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்குத் தெளிவான வரையறை தந்திருக்கிறது. உள் சுவர்கள் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. இரண்டு வளாகங்களை ஒப்பிடுவதென்றால் அந்தப் பரப்பை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்து நிலம். கோவையில் நிலத்தைச் சென்ட் கணக்கில்தான் பேசுவார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மேற்சொன்ன வீட்டோடு வரும் நிலத்தின் பிரிபடாத பங்கு ஒரு சென்ட் என்றும், அந்தப் பகுதியில் சென்ட் 8 லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். 60 லட்சத்தில் 8 லட்சம்தான் நிலம். மிச்சம் 52 லட்சம் கட்டடத்துக்கும் வசதிகளுக்கும் பில்டரின் லாபத்துக்கும் போகிறது. காலப்போக்கில் விலை ஏறுவது நிலம்; கட்டடம் தேயும். ‘கோவையில் நிலம் ஏறிக்கொண்டே போகிறது, உங்கள் முதலீடும் ஏறும்’ என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னால், ஏறுவது அந்த எட்டு லட்சம் மட்டும் என்று மனசுக்குள் திருத்திக்கொள்ளலாம். மூன்று சென்ட் நிலத்தோடு தரைத்தளத் தனி வீடு வாங்கினால் நிலத்தின் பங்கு கூடும். அதற்கு ஈடாக ஓட்டு மேல் விழுந்த கிளை, சுவரில் இறங்கும் ஈரம், தோட்டம் என்று எண்பது வயதில் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். எது வேண்டும் என்பதை அவரவர் உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

இந்த 60 லட்சத்தோடு செலவு முடிவதும் இல்லை. கட்டி முடிக்காத வீடாக இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 3 லட்சம். நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் அந்த வரி கிடையாது. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு நடக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம், நம் கணக்கில் 4.2 லட்சம். மறுவிற்பனை வீடு வாங்கினால் அந்தச் சலுகை இல்லை; மொத்தம் 9 சதவீதம். நாளைக்கு உங்கள் வீட்டை வாங்க வருகிறவர் இந்த 9 சதவீதத்தை மனதில் வைத்துத்தான் விலை கேட்பார் என்பதையும் இன்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பில்டர் சொல்லும் விலை அவருடைய விலை. அந்த வளாகத்தில் வீடுகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை யாரும் காசில்லாமல் பார்க்கலாம். பொதுவாகத் தாங்கள் வாங்கப்போகும் சொத்துக்கு மட்டும் வில்லங்கம் போட்டு, அடமானம் ஏதும் இல்லை என்று பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். வளாகம் இருக்கும் சர்வே எண்ணுக்கு மொத்தமாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், ஆவணத்தின் தன்மை, பதிவு நாள் இருக்கும். அதன் கீழே இரண்டு சின்னக் கட்டங்கள்: ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’. பில்டர் பெயரிலிருந்து தனி நபருக்குப் போனது முதல் விற்பனை. தனி நபரிடமிருந்து தனி நபருக்குப் போனது மறுவிற்பனை. இரண்டாவது வகைப் பதிவுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்தால், அந்த வளாகத்தின் விலை வரலாறு கையில் வந்துவிடும்.

படிக்கும்போது இரண்டு எச்சரிக்கை வேண்டும். 2023 டிசம்பருக்கு முந்தைய முதல் விற்பனைகளில் பெரும்பாலும் பிரிபடாத பங்கு நிலத்துக்கு மட்டும் கிரயம் எழுதியிருப்பார்கள். கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம். அந்தத் தொகை சிறியதாகத் தெரிவதைப் பார்த்து, வீடு இவ்வளவு மலிவாக விற்றதா என்று மயங்க வேண்டாம். மறுவிற்பனைகளிலும் பத்திரத்தில் காட்டிய தொகைக்கு மேல் கைமாறியிருக்கலாம். ஆனாலும் இந்தப் பட்டியல் சொல்லும் சில செய்திகளுக்கு மாற்று இல்லை. பத்து வருடமாக நடக்கும் வளாகத்தில் மறுவிற்பனையே இல்லையென்றால், அங்கே இருப்பவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா, அல்லது விற்க முடியாமல் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். தாய் தகப்பன் காலமான பிறகு பிள்ளைகள் பெயருக்கு மாறிய வீடு எத்தனை மாதத்தில் விற்றது என்பதையும் பதிவு நாட்களை வைத்து ஊகிக்கலாம்.

மறுவிற்பனை விலை படுப்பதற்கு ஒரு காரணம் வெளியே தெரிவதில்லை. அதே பில்டர் பக்கத்திலேயே இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று கட்டிக்கொண்டிருப்பார். புது வீட்டுக்கு விளம்பரம் உண்டு, விற்பனை ஆட்கள் உண்டு, பதிவுச் செலவும் குறைவு. பழைய வீட்டை விற்க நினைக்கும் குடும்பம் அவரோடுதான் போட்டி போட வேண்டும். காலி மனை இன்னும் எவ்வளவு இருக்கிறது, அதில் என்ன வரப்போகிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

இனி மாதச் செலவு. இந்த மடலில் மற்றெல்லாவற்றையும் மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம். இரண்டு பேருக்குச் சாப்பாடு, வீடு கூட்டித் துடைப்பது, பாதுகாப்பு, பொது மின்சாரம், நர்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 8 சதவீதம் கூடினால், பத்தாம் ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ 54,000. பதினைந்தாம் ஆண்டு முடிவில் 79,000-ஐத் தாண்டும். அந்தப் பதினைந்து வருடத்தில் மொத்தமாகக் கட்டியது 81 லட்சத்துக்கு மேல். வீட்டின் விலை 60 லட்சம். பேரம் பேசி இரண்டு லட்சம் குறைத்ததில் குடும்பமே மகிழ்ந்திருக்கும். ஆனால் 8 சதவீதமா 6 சதவீதமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதே 25,000 வருடம் 6 சதவீதம் கூடினால் மொத்தம் சுமார் 70 லட்சம். அந்த இரண்டு சதவீதத்தின் விலை பதினொரு லட்சத்துக்கும் மேல்.

ஓய்வூதியம் வாங்கும் அரசு ஊழியருக்கு அகவிலைப்படி கூடும். வங்கி வட்டியை நம்பி இருப்பவருக்கு வருமானம் அப்படியே நிற்கும். ஒரே வளாகத்தில் ஒரே பில் இந்த இரண்டு பேருக்கும் ஒன்றல்ல. அதனால் கடந்த ஐந்து வருடக் கட்டண உயர்வை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயர்வுக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டா, யார் தீர்மானிக்கிறார்கள், குடியிருப்போருக்கு அதில் வாக்கு உண்டா என்று பாருங்கள். தம்பதியில் ஒருவர் போய்விட்டால் கட்டணம் பாதியாகுமா, சாப்பாட்டுப் பகுதி மட்டும் குறையுமா என்பது கேட்கச் சங்கடமான கேள்வி. கேட்டுத்தான் ஆக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒருநாள் ஒருவர் மட்டும்தான் இருப்பார், அதுவும் பெரும்பாலும் அம்மாவாக இருப்பார், குடும்ப ஓய்வூதியமோ அப்பா வாங்கியதைவிடக் குறைவு. உரிமையாளர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகை ஓர் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 18 சதவீதம் வரக்கூடும் என்பதையும் விலைப்பட்டியலில் தேடிப் பாருங்கள். ‘வரிகள் தனி’ என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

சேமநிதி என்று வீட்டுக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் தனியாக வாங்குகிறார்களா? அது எந்த வங்கியில், யார் பெயரில் இருக்கிறது? லிஃப்ட்டும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் வயதாகும். ஐம்பது வீடு உள்ள வளாகத்தில் அந்தச் செலவு வரும்போது நிதி இல்லையென்றால், வீட்டுக்கு இவ்வளவு என்று சுற்றறிக்கை வரும்.

வளாகத்தை நடத்துவது யார் என்ற கேள்வி இங்கிருந்துதான் பிறக்கிறது. கட்டியவர் ஒருவர், சேவை தருகிறவர் இன்னொருவர், வீடுகளின் சொந்தக்காரர்கள் மூன்றாம் தரப்பு. கடைசி வீடு விற்றதும் கட்டியவருக்கு அந்த இடத்தில் அக்கறை குறையும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டுநர், சேவை நிறுவனம், வாங்குபவர் என மூன்று பேரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனை. மாதிரி நெறி என்பதால் அதுவே சட்டமாகிவிடாது. ஆனால் வாங்குகிறவர் அதைக் காட்டி, தமக்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று கேட்பதை யாரும் தடுக்க முடியாது. தர மறுப்பவரிடம் காரணம் கேளுங்கள்.

சமையற்கூடம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். வளாகத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. சமையற்கூடமும் உணவுக்கூடமும் மருத்துவ அறையும் பொதுச் சொத்தாகச் சங்கத்தின் பெயருக்கு வந்தால், சேவை பிடிக்காதபோது வேறு நிறுவனத்தைக் கொண்டுவரலாம். அவை கட்டியவர் பெயரிலேயே தங்கிவிட்டால், சாப்பாடு சரியில்லை என்று நூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் வேறு ஆள் வந்து அடுப்புப் பற்றவைக்க இடம் இருக்காது. ரேரா சட்டம் திட்டத்தில் காட்டிய சமுதாய வசதிகளைப் பொதுப் பகுதியில் சேர்த்து, அவற்றைச் சங்கத்துக்கு எழுதித்தரச் சொல்கிறது. ரேரா பதிவு ஆவணங்களோடு இருக்கும் வரைபடத்தில் உணவுக்கூடம் எந்த வகையில் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022-இல் நிறைவேறி 2024-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சங்கம் அமைப்பதற்கு அது துணை நிற்கும். சங்கம் ஏற்கெனவே இருந்தால், அதன் கடைசி ஆண்டுக் கணக்கை ஒரு பிரதி கேளுங்கள்.

ரேரா தரும் மற்ற காப்புகளும் சாதாரணமானவை அல்ல. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டம் பதிவு பெற வேண்டும். பதிவுசெய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கிய பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டுமானக் குறை ஐந்து வருடத்துக்குள் தெரிந்தால் கட்டியவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். கோவையில் மறுவிற்பனைக்கு வரும் வீடுகளில் பல, ரேரா வருவதற்கு முன்பே முடிந்த வளாகங்களில் இருப்பவை. அங்கே இந்தக் காப்புகளை எதிர்பார்க்க முடியாது. பத்து வருடம் நடந்த வாழ்க்கையை நேரில் பார்த்து விசாரிக்கலாம் என்பதுதான் அங்கே உள்ள அனுகூலம்.

கிரயம் இல்லாமல் டெபாசிட் கட்டி ஆயுள் முழுக்க இருக்கும் முறையும் உண்டு. நுழையும் தொகை குறைவாகத் தெரியும். ஆனால் அங்கே நீங்கள் சொந்தக்காரர் ஆவதில்லை. திரும்ப வரவேண்டிய பணம் அந்த நிறுவனம் நன்றாக இருப்பதைப் பொறுத்தது. குத்தகைப் பத்திரம் பதிவாகிறதா, திருப்பித் தரும் தொகை எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் போக என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் அதில் இறங்கக் கூடாது.

அறுபத்தெட்டு வயதில், நடந்து போய் வீடு பார்க்கிறோம். அந்த வீடு தேவைப்படப்போவதோ எண்பத்திரண்டு வயதில். இடுப்பெலும்பு முறிந்து வந்தாலோ, ஞாபகமறதி நோய் முற்றினாலோ இந்த வளாகம் என்ன செய்யும்? சில இடங்களில் அதே வளாகத்துக்குள் பராமரிப்புப் பிரிவு இருக்கும். சில இடங்களில் சொந்தச் செலவில் ஆள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சில ஒப்பந்தங்களில், ‘தம்மைத் தாமே கவனித்துக்கொள்ள இயலாத நிலை வந்தால்’ என்று தொடங்கும் ஒரு பத்தி இருக்கும். அந்தப் பத்தியைப் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த நிலைக்குத் தயாராக இல்லாத வளாகத்துக்கு அந்த நிலைக்கும் சேர்த்து விலை கொடுப்பது சரியாகாது.

ஆம்புலன்ஸ் நிற்கிறது என்பதோடு திருப்திப்படாமல், அது போகும் வழியையும் பார்க்க வேண்டும். பிஎஸ்ஜி, கேஎம்சிஹெச் இரண்டும் அவிநாசி சாலைப் பக்கம், நகரத்தின் கிழக்கே. கங்கா மருத்துவமனை மேட்டுப்பாளையம் சாலையில். மேற்கே தொண்டாமுத்தூர், நரசிபுரம் பக்கம் வீடு என்றால் அவிநாசி சாலைக்கு வர நகரத்தையே கடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்த நேரம் உதவாது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வளாகத்து வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரு முறை போய்ப் பாருங்கள்.

மலைக் காட்சிக்காக விலையில் சில லட்சம் கூடுதலாக வைக்கிறார்கள். மலையடிவாரம் என்றால் யானைப் பாதையும் சேர்ந்ததுதான். கோவையின் மேற்குப் பகுதிக் கிராமங்கள் பல, 1990-இல் அமைந்த ‘ஹாகா’ என்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே கட்ட நகரமைப்பு அனுமதியோடு அந்த ஆணையத்தின் ஒப்புதலும் தேவை. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தண்ணீருக்கும் அப்படித்தான்: சிறுவாணி இணைப்பு வளாகத்துக்குள் வருகிறதா, ஊருக்குள் மட்டும் வருகிறதா? ஆழ்துளைக் கிணறு என்றால் ஏப்ரல், மே மாதங்களின் டேங்கர் லாரி பில் எவ்வளவு?

வெளியேறும் வழியைப் பற்றிப் பேசாமல் எந்த விலையும் முழுமையாகாது. 55 அல்லது 60 வயதுக்கு மேற்பட்டவர்தான் குடியிருக்கலாம் என்ற நிபந்தனை ஓய்வுக்கால வளாகங்களில் வழக்கம். அமைதிக்கு அது நல்லது. விலைக்கு அது பாரம். வாங்க வரக்கூடியவர்களின் எண்ணிக்கை அங்கேயே சுருங்கிவிடுகிறது. நாற்பது வயது மகளுக்கு வீடு உரிமையாக வரும், ஆனால் அவள் குடியிருக்க முடியாது. விற்கும் வரை மாதப் பராமரிப்பு அவள் கணக்கில் ஏறும். விற்பதென்றால் நிறுவனத்துக்குத்தான் முதல் வாய்ப்புத் தர வேண்டும் என்று சில ஒப்பந்தங்கள் சொல்லும்; சிலவற்றில் மாற்றுக் கட்டணம் என்று விலையில் ஒரு சதவீதம் கேட்பார்கள். காலி வீட்டுக்கு எவ்வளவு பராமரிப்பு, நிறுவனம் திரும்ப வாங்கினால் என்ன விலைக்கு, எத்தனை நாளில் என்ற மூன்றையும் எழுத்தில் பெறாமல் பணம் கட்ட வேண்டாம். கையோடு உயிலும் எழுதிவையுங்கள். வளாக அலுவலகத்தில் நிரப்பும் வாரிசு நியமனப் படிவம் உயிலுக்கு ஈடாகாது.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஒரு வளாகம் பிடித்திருந்தால், உடனே வாங்காமல் அதிலேயே ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம். பல வளாகங்களில் முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவர்களின் வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நம் 60 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். தகுதியுள்ள கணவனும் மனைவியும் தனித்தனியே போட்டால் 60 லட்சம். 2023 ஏப்ரலில் வந்த 8.2 சதவீத வட்டியில் வருடத்துக்கு 4.92 லட்சம், மாதக் கணக்கில் 41,000 ரூபாய், வரிக்கு உட்பட்டது. அதே வீட்டின் வாடகை 20,000 என்றால், மிச்சம் 21,000 மாதச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கும். வாடகையைவிட வட்டி இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்பதே அந்த வீட்டின் விலை பற்றி ஏதோ சொல்கிறது. வாடகையும் ஏறும், முதல் தொகை வளராது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லலாம் என்ற கவலைகள் நியாயமானவை. அதனால்தான் இது ஒரு வருட யோசனை. மழைக்காலத்தையும் கோடையையும், சமையல்காரர் லீவு போட்ட வாரத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மாம்பலத்து வீட்டை விற்றாகிவிட்டது, வரிக்குப் பயந்து அவசரமாக வாங்குகிறோம் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பழைய வீட்டை விற்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் மூலதன ஆதாயத்துக்கு விலக்கு உண்டு. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்கவில்லையென்றால், அந்த ஆதாயத் தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவைத்தால் போதும். ஒரு வருடம் வாடகைக்கு இருக்க அவகாசம் தாராளமாக இருக்கிறது. இன்னும் நல்லது, அந்த ஒரு வருடத்துக்குப் பழைய வீட்டை விற்காமலேயே வைத்திருப்பது. பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போக ஒரு வாசல் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீடியோவில் மாதிரி வீட்டைப் பார்த்து, அம்மா அப்பாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பணம் கட்டிவிடாதீர்கள். அவர்கள் அங்கே மூன்று நாள் தங்கட்டும். விற்பனை ஆள் பக்கத்தில் இல்லாத நேரம், மாலை நடைக்கு வரும் பெண்களோடு அம்மா உட்கார்ந்து பேசட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார், போன வருடம் பில் எவ்வளவு இருந்தது, யார் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள், ஏன் போனார்கள் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும்.

கடைசியாக, ஏற்கெனவே இந்த வளாகங்களில் குடியிருக்கும் பெரியவர்களுக்கும் அவர்களுடைய சங்கங்களுக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் வளாகத்தில் கைமாறிய வீடுகளின் விலையும், வருடாவருடம் மாதக் கட்டணம் எவ்வளவு என்பதும் உங்களுக்குத் தெரியும். வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. உணவுக்கூடத்து வாசலில் இன்றைய மெனு எழுதிப் போடுகிற பலகையின் பக்கத்தில் அந்த இரண்டு பட்டியலையும் ஒட்டிவையுங்கள். பெயர் வேண்டாம், வீட்டு வகை, பரப்பு, விற்ற ஆண்டு, தொகை போதும். புதிதாக வருகிறவர்கள் தெரிந்து வாங்கட்டும். உங்கள் வீட்டை விற்கும் நாள் வரும்போது, விலை கேட்டு வருகிறவருக்குக் காட்ட உங்கள் பிள்ளைகளிடமும் ஒரு தாள் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒரு கட்டுரையாளர்